பம்ப் வேகத்தைக் கூட்டினால் பிராசசர் குளிருமா?

சித்திரை பிறந்துவிட்டால் திண்டுக்கல் பக்கம் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மலைக்கோட்டைப் பாறையில் பகலில் கால் வைக்க முடியாது. மனிதர்கள் மோர் குடித்து, நிழல் தேடி ஒதுங்குகிறார்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அதன் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். சில நாள் கழித்து வேகம் குறையும். விளையாட்டின் நடுவில் திரை திக்கித் திக்கி நகரும்.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவரும் என்னிடம் முன்பெல்லாம் கோடையில் வரும் கேள்வி, "இன்னொரு ஃபேன் போடலாமா?" என்பதுதான். இப்போது தண்ணீரால் குளிர்விக்கும் கம்ப்யூட்டர்களும் வீடுகளுக்கு வந்துவிட்டன. எனவே கேள்வியும் மாறிவிட்டது. "பம்ப் வேகத்தைக் கூட்டினால் சூடு குறையுமா? பெரிய பம்ப் வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில் இதுதான். தண்ணீர் ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஆபத்து. அந்த அளவைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். ஏன் இப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவையும் தவிர்க்கலாம், கம்ப்யூட்டரையும் காப்பாற்றலாம்.

சூடு போகும் பாதை

பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. அது வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 100 வாட் மின்சாரம் வாங்கும் பிராசசர், 100 வாட் குண்டு பல்பு தரும் அளவு சூட்டைத் தருகிறது. பல்பில் கண்ணாடிக் கூடு முழுக்கச் சூடு பரவுகிறது. பிராசசரிலோ நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டில் அத்தனையும் குவிகிறது. அதை உடனுக்குடன் வெளியே எடுத்தாக வேண்டும்.

தண்ணீரால் குளிர்விக்கும் அமைப்பில் இந்தச் சூடு ஐந்து படிகளில் இறங்குகிறது.

1. சிலிக்கான் சிப்பிலிருந்து அதன் மேல் உள்ள உலோக மூடிக்கு.
2. மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாகச் செம்புத் தகட்டுக்கு. இந்தத் தகடு உள்ள பகுதியை வாட்டர் பிளாக் என்கிறார்கள்.
3. செம்புத் தகட்டிலிருந்து தண்ணீருக்கு.
4. தண்ணீர் டியூப் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. சூடு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு மாறுகிறது.
5. ஃபேன் தள்ளும் காற்று அந்தத் தகடுகளிலிருந்து சூட்டை வாங்கி அறைக்குள் விடுகிறது.

தண்ணீரை ஓட வைப்பது பம்ப். கடையில் ஆல் இன் ஒன் கூலர் என்று கேட்டு வாங்குவதில் பம்ப், பிளாக், ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் கம்பெனியிலேயே அடைத்து மூடி வருகின்றன. தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பதைக் கஸ்டம் லூப் என்கிறார்கள். இரண்டிலும் சூடு போகும் பாதை ஒன்றுதான்.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பநிலை வித்தியாசம் இருந்தால்தான் சூடு நகரும். இந்த வித்தியாசங்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டிக்கொண்டே போனால் சிப்பின் வெப்பநிலை கிடைக்கும். இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காகப் பார்ப்போம். அறைக் காற்று 36 டிகிரி செல்சியஸ். அதைவிட 10 டிகிரி கூடுதலாகத் தண்ணீர் 46. அதைவிட 6 டிகிரி கூடுதலாகச் செம்புத் தகடு 52. பேஸ்ட், மூடி, சிப் ஆகியவற்றுக்குள் இன்னும் 22 டிகிரி. ஆக சிப் 74 டிகிரி. உங்கள் கம்ப்யூட்டரில் எண்கள் மாறலாம். கூட்டும் முறை மாறாது.

இதில் பம்ப் எங்கே வருகிறது? செம்புத் தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள அந்த 6 டிகிரியில்தான் முக்கியமாக வருகிறது. மேலே உள்ள 22 டிகிரியைப் பம்பினால் தொட முடியாது. கீழே உள்ள அறைக் காற்றையும் தொட முடியாது. தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள 10 டிகிரி பெரும்பாலும் ரேடியேட்டரின் அளவையும் ஃபேனையும் பொறுத்தது.

டம்ளர் பாலும் தண்ணீர்ப் பாத்திரமும்

குழந்தைக்குப் பால் ஆற்ற வேண்டும். சூடான பால் டம்ளரை ஒரு பாத்திரத் தண்ணீரில் வைக்கிறீர்கள். தண்ணீரை அசைக்காமல் விட்டால் டம்ளரை ஒட்டிய தண்ணீர் மட்டும் சூடாகி அங்கேயே நிற்கும். பால் மெதுவாகத்தான் ஆறும். கையால் தண்ணீரைச் சுழற்றிவிட்டால் சூடான தண்ணீர் விலகும், குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். பால் சீக்கிரம் ஆறும்.

இன்னும் இரு மடங்கு வேகமாகச் சுழற்றினால் பாதி நேரத்தில் ஆறிவிடுமா? ஆறாது. கொஞ்சம்தான் கூடும். பாத்திரத் தண்ணீர் முழுவதும் வெதுவெதுப்பாகிவிட்டால் எவ்வளவு சுழற்றியும் பயனில்லை. தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் சுழற்றும் கை பம்ப். தண்ணீரை மாற்றும் வேலை ரேடியேட்டருடையது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4,180 ஜூல் சக்தி வேண்டும். 100 வாட் என்பது நொடிக்கு 100 ஜூல், அதாவது நிமிடத்துக்கு 6,000 ஜூல். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் பிளாக்கின் வழியாக ஓடினால் அது 6,000 வகுத்தல் 4,180, அதாவது சுமார் 1.4 டிகிரி சூடேறி வெளியே வரும். இதே கணக்கை வெவ்வேறு ஓட்டங்களுக்குப் போட்டால் கிடைப்பது இது.

நிமிடத்துக்கு 100 மில்லி – 14.4 டிகிரி
நிமிடத்துக்கு 250 மில்லி – 5.7 டிகிரி
நிமிடத்துக்கு 500 மில்லி – 2.9 டிகிரி
நிமிடத்துக்கு 1 லிட்டர் – 1.4 டிகிரி
நிமிடத்துக்கு 2 லிட்டர் – 0.7 டிகிரி
நிமிடத்துக்கு 4 லிட்டர் – 0.4 டிகிரி

பிராசசர் 200 வாட் எடுத்தால் எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். 100 மில்லியிலிருந்து 500 மில்லிக்கு வரும்போது 11 டிகிரிக்கு மேல் லாபம். 500 மில்லியிலிருந்து 1 லிட்டருக்கு ஒன்றரை டிகிரி. 1 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு 0.7 டிகிரி. 2 லிட்டரிலிருந்து 4 லிட்டருக்குப் போனால் அரை டிகிரி கூட இல்லை. முதல் கைப்பிடிச் சோறு பசியைத் தீர்க்கிறது, மூன்றாவது தட்டுச் சோறு வயிற்றில் இடம் தேடுகிறது. அது போலத்தான் இதுவும்.

ஓட்டம் கூடினால் செம்புத் தகட்டிலிருந்து தண்ணீருக்குச் சூடு மாறுவதும் கொஞ்சம் எளிதாகும். அதையும் சேர்த்தால், நாம் பார்த்த 74 டிகிரி எடுத்துக்காட்டில் ஓட்டத்தை 1 லிட்டரிலிருந்து 2 லிட்டராக்கினால் 72 டிகிரிக்கு அருகில் வரலாம். அவ்வளவுதான்.

"மெதுவாக ஓடினால் நன்றாகக் குளிருமே?"

இப்படியும் பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் நின்று ஆற நேரம் இருக்காது, எனவே மெதுவாக விட வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் சரியில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னாளப்பட்டி போய்த் திரும்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் மெதுவாகப் போனால் ஒரு டிரிப்பில் கூட்டம் அதிகம் ஏறும். ஆனால் ஒரு நாளில் டிரிப் குறைவு. வேகமாகப் போனால் ஒரு டிரிப்பில் ஏறுவோர் குறைவு, டிரிப் அதிகம். மொத்தம் ஏற்றி இறக்கும் ஆட்கள் எண்ணிக்கை ஒன்றுதான். மெதுவான பஸ்ஸில் மட்டும் நெரிசல்.

தண்ணீரும் அப்படியே. அது மூடிய வளையத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஒரு முறைக்கு இருக்கும் நேரம் குறையும். ஆனால் அத்தனை முறை கூடுதலாக ரேடியேட்டருக்கு வரும். ஒரு மணி நேரத்தில் ரேடியேட்டரில் கழிக்கும் மொத்த நேரம் மாறாது. மெதுவாக ஓடும்போது பிளாக்கில் இருக்கும் தண்ணீர் அதிகம் சூடாகிவிடும். அந்த நெரிசல்தான் சிப்பின் வெப்பநிலையை ஏற்றுகிறது. எனவே பம்பை வேண்டுமென்றே மெதுவாக்கிக் குளிர்விக்க முடியாது. சத்தத்தைக் குறைப்பதற்காக மெதுவாக்கலாம், அது வேறு விஷயம்.

பெரிய மோட்டார், அதே குழாய்

நம் ஊர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 3 குதிரைத் திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு 5 குதிரைத் திறன் மோட்டார் போட்டு, குழாயை மட்டும் பழைய சிறிய குழாயாகவே விட்டால் தண்ணீர் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. குழாயின் உராய்வு தடுக்கிறது.

கம்ப்யூட்டரின் வாட்டர் பிளாக்கில் தலைமுடி போன்ற மெல்லிய கால்வாய்கள் இருக்கின்றன. அவைதான் பெரிய தடை. வேகமாக ஓடும் தண்ணீரில், ஓட்டத்தை இரு மடங்காக்க அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். பம்ப் செய்யும் வேலையோ எட்டு மடங்கு ஆகிறது. அந்த மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதில் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளேயே போய்ச் சேரும். சத்தமும் கூடும், பம்பின் ஆயுளும் குறையும்.

பம்பின் அட்டைப் பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று பெரிய எண் அச்சிட்டிருப்பார்கள். அது எந்தத் தடையும் இல்லாமல் பம்ப் தள்ளும் அளவு. பிளாக்கும் ரேடியேட்டரும் டியூப்பும் இணைத்த பிறகு அதில் ஒரு சிறு பகுதிதான் ஓடும். பெட்டியின் எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல்லும் கொடைக்கானலும்

அப்படியானால் சூட்டை எது தீர்மானிக்கிறது? முதல் பதில், அறைக் காற்று. ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் எந்த நாளும் அறைக் காற்றைவிடக் குளிர முடியாது. காற்றுதான் தரை. மற்ற எல்லாம் அதன் மேல் கட்டிய மாடிகள்.

இதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தை விட நல்ல இடம் கிடையாது. மே மாதம் திண்டுக்கல் சமவெளியில் பகல் வெப்பநிலை 38, 39 டிகிரி என்று போகும். அதே நாளில், அதே மாவட்டத்தில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரே கம்ப்யூட்டரை இங்கிருந்து அங்கே கொண்டுபோய் வைத்தால், பம்பில் கை வைக்காமலேயே சிப்பின் வெப்பநிலை ஏறக்குறைய அந்த 18 டிகிரி அளவுக்கு இறங்கும். முழு 18 கிடைக்காது. மலை மேல் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் தள்ளும் காற்று கொஞ்சம் குறைவாகவே சூட்டை எடுக்கும். அப்படியிருந்தும் உலகின் எந்தப் பம்பும் இந்த அளவு லாபத்தைத் தராது.

நாம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே சமவெளியும் மலையும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சென்ற கோடையில் பழனி ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆல் இன் ஒன் கூலர் போட்ட புது சிஸ்டம். விளையாடும்போது பிராசசர் 90 டிகிரியைத் தொடுகிறது, பெரிய பம்புடன் கஸ்டம் லூப் போடச் சொல்கிறார்கள், அப்பாவிடம் எப்படிப் பணம் கேட்பது என்று கவலைப்பட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கதவு வைத்த மர மேஜையின் அடி அறைக்குள் கேபினெட் இருந்தது. முன்புறம் கதவு மூடி இருந்தது, பின்புறம் சுவர். சாதாரணத் தெர்மாமீட்டரை அறையில் வைத்துப் பார்த்தேன், 36 டிகிரி. மேஜை அறைக்குள் வைத்தேன், 44. ரேடியேட்டர் தான் வெளியேற்றிய சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, உங்க பம்ப்ல ஒரு குறையும் இல்ல. கேபினெட்டை வெளியே எடுத்து வைங்க" என்றேன். ரேடியேட்டரில் படிந்திருந்த ரோட்டுப் புழுதியைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தோம். மறுபடி அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது 80 டிகிரியைத் தாண்டவில்லை. அப்பாவிடம் பணம் கேட்கும் வேலை இல்லாமல் போனது.

60 டிகிரித் தண்ணீராலும் குளிர்விக்கலாம்

தண்ணீரால் கம்ப்யூட்டரைக் குளிர்விப்பது புதிய விஷயம் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1980ல் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரில் சிப்கள் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டன. 1985ல் வந்த கிரே 2 சூப்பர் கம்ப்யூட்டரில், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளேயே சர்க்யூட்டுகளை மூழ்க வைத்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் ஆப்பிள் நிறுவனம் 2004ல் பவர் மேக் ஜி5 மாடல் ஒன்றில் திரவக் குளிர்விப்பைப் பயன்படுத்தியது.

நம் போன்ற வெயில் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 2010ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் ஐபிஎம்மும் இடிஹெச் பல்கலைக்கழகமும் அமைத்த அக்வாசார் என்ற கம்ப்யூட்டர். அதில் சிப்களைக் குளிர்விக்கச் சுமார் 60 டிகிரி வெந்நீரைப் பயன்படுத்தினார்கள். சிப்களை 85 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க அதுவே போதுமானதாக இருந்தது. 10 லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் என்ற அளவில் பல சிப்களுக்குப் பகிர்ந்து ஓடியது. வெளியே வந்த சூட்டைக் கட்டிடங்களை வெதுவெதுப்பாக வைக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எனவே உங்கள் கூலரின் டியூப்பைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மே மாதத் திண்டுக்கல்லில் 45 டிகிரித் தண்ணீர் என்பது இயல்புதான்.

ஓட்டம் குறைந்தால்தான் ஆபத்து

கூட்டுவதில் லாபம் இல்லை என்பதால் ஓட்டத்தைக் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. பட்டியலின் மேல் பகுதியை மறுபடி பாருங்கள். ஓட்டம் 100 மில்லிக்கு இறங்கினால் தண்ணீர் 14 டிகிரி சூடேறுகிறது. பம்ப் நின்றே போனால் பிளாக்கில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் அங்கேயே கொதிநிலை நோக்கிப் போகும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். இறைக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் விடுவார்கள். அது வெளியே வரும் இடத்தில் கை வைத்துப் பார்ப்பது வழக்கம். வெதுவெதுப்பாக இருந்தால் நிம்மதி. கை பொறுக்காத சூடு என்றால் குழாயில் அடைப்பு. உடனே இன்ஜினை நிறுத்துவார்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்டம் குறைவதைக் கண்டுபிடிக்கும் அறிகுறிகள் இவை.

* கம்ப்யூட்டரை ஆன் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, எந்த வேலையும் கொடுக்காதபோதே பிராசசர் 80, 90 என்று ஏறுவது.
* பிளாக்கை ஒட்டிய ஒரு டியூப் நன்றாகச் சூடாகவும் மற்றொன்று அறை அளவிலும் இருப்பது. ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கையில் தெரியாது.
* பிராசசர் கொதிக்கும்போது ரேடியேட்டர் குளிர்ந்து கிடப்பது, அதிலிருந்து வரும் காற்றிலும் சூடு இல்லாமல் இருப்பது.
* கொட கொட என்று தண்ணீருக்குள் காற்று புகுந்த சத்தம்.
* பயாஸ் திரையில் பம்பின் சுழற்சி வேகம் 0 என்று காட்டுவது.

இன்றைய பிராசசர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும். 95 அல்லது 100 டிகிரி என்று நிர்ணயித்த எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். அணைந்ததை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடருங்கள்.

பம்பின் ஒயர் மதர்போர்டில் தவறான பின்னில் மாட்டப்பட்டிருப்பது ஒரு பொதுவான காரணம். சாதாரண ஃபேன் பின்னில் மாட்டினால், ஃபேனைக் குறைப்பது போல மதர்போர்டு பம்பையும் மெதுவாக்கிவிடலாம். பம்புக்கு என்று தனிப் பின் இருந்தால் அதில் மாட்டி, பயாஸில் ஒரே சீரான வேகத்தில் வையுங்கள்.

இன்னொரு காரணம், காற்று. டியூப் வழியாகத் தண்ணீர் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கசியும். அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் உச்சியில்தான் சேரும். பிளாக்கும் பம்பும் உச்சியில் இருந்தால் காற்று பம்புக்குள் வந்துவிடும். எனவே ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீர் வேண்டாம்

நம் பகுதி போர்வெல் தண்ணீரின் கடினம் எல்லோர் வீட்டிலும் தெரியும். வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் பாத்திரத்தின் அடியிலும் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதே படிவு தலைமுடி அளவுள்ள கால்வாயில் படிந்தால் என்ன ஆகும்? ஓட்டம் குறையும், தகட்டிலிருந்து சூடும் தண்ணீருக்கு வராது.

கஸ்டம் லூப் வைத்திருப்பவர்கள் அதற்கென்று விற்கும் கூலன்ட்டையோ, டிஸ்டில்டு வாட்டரில் பாசி, துரு தடுக்கும் மருந்து சேர்த்தோ பயன்படுத்த வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு முழுவதும் போயிருக்காது, அதை ஊற்றாதீர்கள். பிளாக் செம்பாக இருந்தால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். அலுமினியத்தையும் செம்பையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அந்தத் துகள்களும் கால்வாயில்தான் போய் அடைக்கும். ஆல் இன் ஒன் கூலர் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்து பாருங்கள். ஒரு சாதாரண அறைத் தெர்மாமீட்டரும், வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூமானிட்டர் அல்லது கோர் டெம்ப் என்ற மென்பொருளும் போதும்.

1. தெர்மாமீட்டரை ரேடியேட்டர் காற்றை இழுக்கும் பக்கத்தில் வையுங்கள்.
2. பயாஸில் பம்பை முழு வேகத்தில் வைத்து, கம்ப்யூட்டருக்குக் கடினமான வேலை கொடுங்கள். வீடியோ மாற்றுவது அல்லது ஒரு பெரிய விளையாட்டு போதும்.
3. 30 நிமிடம் கழித்துப் பிராசசர் வெப்பநிலையையும் அறை வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் கூலரின் மதிப்பெண்.
4. பம்பை முக்கால் வேகத்துக்குக் குறைத்து, ஃபேன் வேகத்தை மாற்றாமல், அதே வேலையை மறுபடி 30 நிமிடம் ஓட்டுங்கள்.
5. கடைசியாகப் பம்பை முழு வேகத்துக்குத் திருப்பி, ஃபேனைக் குறைத்து ஓட்டுங்கள்.

ஏன் 30 நிமிடம்? தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். 300 மில்லி தண்ணீரை 100 வாட் சூடு 1 டிகிரி ஏற்றவே 12 நொடிக்கு மேல் ஆகும். ரேடியேட்டர் நடுவில் சூட்டை எடுத்துக்கொண்டே இருப்பதால் கடைசி நிலைக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். இரண்டு நிமிடச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில், பம்பைக் குறைத்தபோது வரும் மாற்றத்தைவிட ஃபேனைக் குறைத்தபோது வரும் மாற்றம் அதிகமாக இருக்கும். பம்பை முக்கால் வேகத்துக்குக் குறைத்ததும் 10 டிகிரி ஏறினால் உங்கள் கூலரில் எங்கோ அடைப்பு அல்லது காற்று இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போடலாமா?
கூடாது. தண்ணீர் அறைக் காற்றைவிட மிகவும் குளிர்ந்தால், ஐஸ் டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் கோப்பது போல டியூப்பிலும் பிளாக்கிலும் நீர் கோக்கும். அது மதர்போர்டில் சொட்டினால் ஷார்ட் சர்க்யூட்தான். சாதாரண ரேடியேட்டர் மட்டும் இருக்கும் அமைப்பில் இந்தப் பயம் கிடையாது.

ஏர் கூலர் வைத்தால் பயன் உண்டா?
அறைக் காற்று குளிர்ந்தால் அத்தனை டிகிரியும் பிராசசருக்கு லாபம். ஆனால் ஈரக் காற்று நேராகக் கேபினெட்டில் அடிக்காதபடி தள்ளி வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

எனக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு தேவையா?
இன்டர்நெட், டைப்பிங், பாடம், படம் பார்ப்பது என்று பயன்படுத்துபவர்களுக்குத் தேவையில்லை. 65 வாட் வகைப் பிராசசருக்கு நல்ல ஹீட் சிங்க்கும் ஃபேனும் போதும். 2022ல் வந்த இன்டெல் கோர் ஐ9 13900கே போன்ற பிராசசர்கள் உச்ச வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். அப்படிப்பட்டதை வாங்கி நாள் முழுக்க வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் பெரிய ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

பங்குனி மாதமே கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் புழுதியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். கேபினெட்டைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். மூடிய மேஜை அறைக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் இருந்தால், முடிந்தவரை கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். டியூப் எங்கும் மடங்கியிருக்கிறதா, பம்ப் சுழற்சி வேகம் பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் செய்த பிறகும் சூடு அடங்கவில்லை என்றால், அடுத்து பெரிய ரேடியேட்டரையும் நல்ல ஃபேனையும் யோசியுங்கள். ஒழுங்காக ஓடும் பம்பை மாற்றுவது கடைசியாக இருக்கட்டும்.